ரத்தம் நோயாளிக்கு ஏறும் முன்: கொடையாளர் தொற்றுப் பரிசோதனை, படிப்படியாக

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "எப்படியும் எல்லா டெஸ்ட்டும் எடுக்கத்தானே போறீங்க, அப்புறம் எதுக்கு சார் இத்தனை கேள்வி?" வெயிலில் வரிசையில் நின்று வந்தவர்களிடம் நீளமான ஒரு படிவத்தை நீட்டினால் எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் எந்த டெஸ்ட்டுக்கும் பிடிபடாத சில நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும் கொடையாளர்தான். அதனால்தான் கேட்கிறோம்.

தென்மாவட்டம் ஒன்றில் ரத்த வங்கி டெக்னீஷியனாக இருக்கிறேன். 2020 விதித் திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி 'ரத்த மையம்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய்க்கு இன்னும் ரத்த வங்கிதான் வருகிறது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள், கல்லூரியிலும் ஊரிலும் முகாம் நடத்துபவர்கள், கொடுத்த ரத்தம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் கொடையாளர்கள் ஆகிய மூன்று தரப்பையும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

இந்தியாவில் ஒவ்வொரு யூனிட்டிலும் கட்டாயம் பார்க்க வேண்டியவை ஐந்து: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா.

இந்தப் பட்டியல் ஒரே நாளில் வந்ததல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மூன்று வருடம் கழித்து, 1989-ல், ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமானது. ஆனால் காசுக்கு ரத்தம் விற்கிறவர்கள் அப்போதும் மருத்துவமனை வாசலிலேயே நின்றார்கள். 1996 ஜனவரியில் காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2001-ல்தான். அதற்கு முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை ஹெபடைடிஸ் சி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

ஐந்தும் ஒரே மாதிரி ஆபத்தானவை அல்ல. சிபிலிஸ் கிருமி குளிர்பெட்டியில் சில நாட்களிலேயே செத்துவிடும். அப்படியானால் அதை ஏன் பார்க்கிறோம்? ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட்டைக் குளிரில் வைப்பதில்லை. 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், ஆட்டிக்கொண்டே இருக்கும் பெட்டியில்தான் வைக்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. சிபிலிஸ் இருந்தால், பாலுறவு வழியாகப் பரவும் மற்றவையும் வந்திருக்க வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

முதல் படி: முகாமை ஏற்பாடு செய்யும்போதே

முகாம் நடத்துபவர்கள் பந்தல், பேனர், மாலை, புகைப்படக்காரர் எல்லாவற்றையும் யோசிப்பார்கள். தனியாகப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது ஒரு தனி அறை. அது இல்லாவிட்டால், குரல் வெளியே கேட்காத தூரத்தில் ஒரு திரை. பத்துப் பேர் வரிசையில் நிற்க, மேசைக்கு எதிரே உட்காரவைத்து "உங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவரோடு உறவு உண்டா?" என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?

அடுத்தது, இலக்கு வைக்காதீர்கள். 'நம்ம டிபார்ட்மென்ட்டிலிருந்து நூறு யூனிட்' என்று அறிவித்துவிட்டால், கொடுக்கக் கூடாதவனும் கௌரவத்துக்காகப் படுத்துவிடுவான். நோயாளிக்குப் பதிலாகச் சொந்தக்காரர்களை இழுத்து வரும் மாற்றுக் கொடையிலும் இதே சிக்கல்தான். மாமனார் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது மருமகன் தன் ரகசியத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. ஆபத்து குறைந்த ரத்தம் என்றால் அது யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், பணமும் வாங்காமல், திரும்பத் திரும்ப வந்து கொடுப்பவரின் ரத்தம்தான்.

இரண்டாம் படி: கேள்விகள்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பல இடங்களில் குறைவாகச் செலவாவதும் இங்கேதான். படிவத்தைக் கொடுத்து 'எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போடுங்க' என்று சொல்லும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படி நிரப்பிய படிவத்துக்கும் வெற்றுத்தாளுக்கும் வித்தியாசம் இல்லை.

தொற்று சம்பந்தமாக இந்திய விதிகள் சொல்லும் ஒத்திவைப்புகளில் அடிக்கடி தேவைப்படுபவை: பச்சை குத்துதல், காது மூக்கு குத்துதல், அக்குபங்சர் என்றால் 12 மாதம். தானே ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் 12 மாதம். மலேரியா முழுதாகக் குணமாகி 3 மாதம். டெங்கு, சிக்குன்குனியா என்றால் குணமாகி 6 மாதம். டைபாய்டு என்றால் 12 மாதம். காசநோய் குணமானது உறுதியான பிறகு 2 வருடம். வீட்டில் நெருங்கிப் பழகும் ஒருவருக்கு ஹெபடைடிஸ் இருந்தால் 12 மாதம். தனக்கே ஹெபடைடிஸ் பி அல்லது சி வந்திருந்தால் நிரந்தரமாகக் கொடுக்க முடியாது. 'மஞ்சள் காமாலை வந்தது, கீழாநெல்லி சாப்பிட்டேன், சரியாப் போச்சு' என்பவர்களைச் சும்மா விட்டுவிடாதீர்கள். எந்த வயதில் வந்தது, டெஸ்ட் எடுத்தார்களா, எந்த வகை என்று தோண்டிக் கேளுங்கள். ஏ, ஈ வகை என்றால் 12 மாதம். எந்த வகை என்றே தெரியாவிட்டால் எடுக்கக் கூடாது.

கேட்கும் விதம் முக்கியம். "கெட்ட பழக்கம் எதுவும் இருக்கா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "இல்லை சார்"தான். கேள்வியிலேயே தீர்ப்பு இருக்கிறது அல்லவா? நான் இப்படிச் சொல்வேன்: "தம்பி, இதை எல்லார்கிட்டயும் கேக்கிறோம். நீங்க சொல்றது இந்தத் திரையைத் தாண்டிப் போகாது. உங்க ரத்தம் ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடப் போகலாம், அதனாலதான்." அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக, நேரடியாக, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்பேன்.

ஒரு கல்லூரி முகாமில் இரண்டாம் வருட மாணவன் ஒருவன் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றான். ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மடக்கியபோது முண்டாவில் புத்தம் புதுசாய் ஒரு சிங்கம். ஓரத்தில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. "போன மாசம் திருவிழாக் கடையில போட்டது சார்." அதே ஊசியால் அவனுக்கு முன்னால் எத்தனை பேருக்குக் குத்தினார்கள் என்று அவனுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. ஒரு வருடம் கழித்து வரச் சொன்னேன். அவன் கவலையெல்லாம் வேறு: "வெளிய ஃப்ரெண்ட்ஸ் நிக்கிறாங்க சார், என்ன நினைப்பாங்க?"

அதற்கு எங்கள் வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திவைக்கப்பட்டவரும் ரத்தம் கொடுத்தவரும் ஒரே வழியாகத்தான் வெளியே போவார்கள். இருவருக்கும் அதே பிஸ்கட், அதே ஜூஸ். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. திரும்பிப் போவதில் அவமானம் இல்லை என்று தெரிந்தால், உண்மையைச் சொல்லத் தயங்குபவர்கள் குறைவார்கள். எந்த டெஸ்ட் கிட்டையும்விட இது மலிவு.

விதிகளில் எனக்கு உறுத்தும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். திருநங்கைகள், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள் ஆகியோரை எச்.ஐ.வி. ஆபத்துப் பிரிவு என்று மொத்தமாக ஒதுக்கி வைக்கிறது நம் விதி. இதை எதிர்த்த மனு 2021-லேயே உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. பிரிட்டன் 2021-லும், அமெரிக்கா 2023-லும் ஆள் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, கடந்த சில மாதங்களில் என்ன நடந்தது என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கும் முறைக்கு மாறிவிட்டன. என்னைக் கேட்டால், தொற்றைத் தேடுவதற்கும் அதுதான் கூர்மையான கேள்வி. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை நடப்பு விதிதான் செல்லும்.

மூன்றாம் படி: உடல் சோதனை

இது சீக்கிரம் முடிந்துவிடும். வயது 18 முதல் 65. முதல்முறை கொடுப்பவர் என்றால் 60-க்கு மேல் வேண்டாம். எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 12.5 கிராம். காப்பர் சல்பேட் முறை என்றால், நீலக் கரைசலில் விட்ட சொட்டு 15 நொடிக்குள் மூழ்க வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. இவற்றில் பல கொடையாளரின் பாதுகாப்புக்காக. தொற்று நோக்கில் பார்க்க வேண்டியவை வேறு: காய்ச்சல் இருக்கிறதா, கண்ணில் மஞ்சள் தெரிகிறதா, கழுத்தில் கட்டி உண்டா, முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள் வரிசையாக இருக்கின்றனவா. அந்த மடிப்பை நல்ல வெளிச்சத்தில், இரண்டு கையிலும் பாருங்கள்.

நான்காம் படி: ஊசி, டியூப், லேபிள்

தோலைச் சுத்தம் செய்து, காயவிட்டு, அப்புறம் ஊசி. காயும் முன் குத்துவது, துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்ப்பது இரண்டும் கூடாது. தோலில் இருக்கும் பாக்டீரியா பைக்குள் போனால், அறை வெப்பத்தில் இருக்கும் பிளேட்லெட்டில் அது நன்றாக வளரும். இதற்காகவே இப்போது பல பைகளில் தனியாக ஒரு சின்னப் பை உண்டு. முதலில் வரும் சுமார் 30 மி.லி. அதற்குள் போகும், தோல் துணுக்கும் கிருமியும் அதோடு ஒதுங்கிவிடும். டெஸ்ட் டியூப்களை அதிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம்.

இனிமேல் சொல்வதைப் புதியவர்கள் இரண்டு முறை படியுங்கள். படிவம், பை, டியூப்கள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணின் லேபிள், கொடையாளர் படுத்திருக்கும்போதே, அவருடைய கட்டிலின் அருகிலேயே ஒட்டப்பட வேண்டும். முன்கூட்டி ஒட்டி அடுக்கி வைப்பதும் தப்பு, 'அப்புறம் மொத்தமா ஒட்டிக்கலாம்' என்பதும் தப்பு.

நான் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஒரு முகாமில் கார்த்திக் என்ற பெயரில் மூன்று பேர். மின்சாரம் போய், ஜெனரேட்டர் வருவதற்குள் இரண்டு கட்டில்களின் டியூப்களை ஒரே ஸ்டாண்டில் வைத்துவிட்டேன். வெளிச்சம் வந்து பார்த்தால் இரண்டு ஜோடி டியூப்பிலும் லேபிள் இல்லை. எது யாருடையது என்று 'ஞாபகம் இருக்கிற மாதிரி' தோன்றியது. பக்கத்தில் இருந்த சீனியர் அக்கா ஒன்றும் பேசவில்லை. டியூப்களை எடுத்துக் கழிவில் போட்டார்; இரண்டு பையன்களிடமும் மன்னிப்புக் கேட்டு, மறு கையில் மறுபடி சாம்பிள் எடுத்தார். போகும்போது மட்டும் என்னிடம் சொன்னார்: "டியூப் மாறினா மெஷின் சரியான பதிலைத் தப்பான ஆளுக்குச் சொல்லும்டா."

ஐந்தாம் படி: ஆய்வகத்தில்

பெரும்பாலான இடங்களில் எலைசா முறைதான்; பெரிய மையங்களில் கெமிலுமினசென்ஸ் மெஷின் வந்துவிட்டது. எலைசா தட்டில் 96 சிறு குழிகள். குழியின் அடியில் கிருமியின் புரதம் பூசப்பட்டிருக்கும். கொடையாளரின் ரத்தநீரை விட்டு, 37 டிகிரியில் வைத்து, கழுவி, நொதி இணைத்த கான்ஜுகேட் விட்டு, மறுபடி வைத்து, மறுபடி கழுவி, கடைசியில் நிறம் தரும் திரவத்தை விடுவோம். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்கும், குழி நீலமாகும். அமிலம் விட்டு நிறுத்தியதும் மஞ்சளாகும். அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று 450 நானோமீட்டர் ஒளியில் மெஷின் அளக்கும். ஹெபடைடிஸ் பி-யில் மட்டும் கொஞ்சம் தலைகீழ்: அங்கே நாம் தேடுவது எதிர்ப்பொருளை அல்ல, வைரஸின் மேலுறைப் புரதத்தையே.

கவனிக்க வேண்டியவை: கிட்டைக் குளிரிலிருந்து எடுத்ததும் பயன்படுத்தாமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். கழுவுவதை அவசரப்படுத்தாதீர்கள், அரைகுறையாகக் கழுவிய தட்டில் எல்லாக் குழியும் மஞ்சளடிக்கும். கிட்டோடு வரும், விடை முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரிகள் சொன்ன அளவுக்குள் வராவிட்டால் அந்தத் தட்டு முழுவதும் செல்லாது, எத்தனை மணியானாலும் மறுபடிதான். பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் கட்-ஆஃப் எல்லைக்கு மிக அருகில் கீழே நிற்கும் மாதிரியை 'நெகட்டிவ்தானே' என்று விட்டுவிடாமல் திரும்பச் செய்து பாருங்கள். கையடக்க ரேபிட் கார்டு அவசரத்துக்கு உதவும். தினசரி வேலையை அதில் ஓட்டுவது எனக்கு ஒப்பாது. மலேரியாவுக்கு நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் அல்லது ஆன்டிஜெனை, அதாவது கிருமியின் புரதத்தை, தேடும் கார்டு; சிபிலிஸுக்கு ஆர்.பி.ஆர். அல்லது டி.பி.எச்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன 'பிடிபடாத நாட்கள்'. தொற்று உடலுக்குள் வந்த நாளுக்கும் டெஸ்ட்டில் தெரியும் நாளுக்கும் நடுவே உள்ள காலத்தை விண்டோ பீரியட் என்கிறோம். எச்.ஐ.வி.க்கு, எதிர்ப்பொருளை மட்டும் தேடும் கிட்டில் ஏறக்குறைய 3 வாரம். ஆன்டிஜெனையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை கிட்டில் சில நாள் குறையும். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' (NAT) பரிசோதனையில் சுமார் 10 நாள். ஹெபடைடிஸ் சி-க்கு எதிர்ப்பொருள் வர 2 மாதத்துக்கு மேல்கூட ஆகும். நாட் அதை ஒன்றரை வாரத்துக்குள் கொண்டுவந்துவிடும். நாட் பரிசோதனையின் பெரிய லாபம் இங்கேதான். ஹெபடைடிஸ் பி-யில் லாபம் அவ்வளவு இல்லை. ஐந்தாறு வாரம் என்பது மூன்று வாரத்துக்குப் பக்கத்தில் வரும்.

நாட் இந்தியாவில் கட்டாயம் இல்லை. செலவு அதிகம், எல்லா வங்கியிலும் கிடையாது. இருக்கும் இடத்திலும் விண்டோ சுருங்குகிறதே தவிர மூடிவிடுவதில்லை. போன வாரம் தொற்று வந்தவரின் பையில் எல்லா டெஸ்ட்டும் நெகட்டிவ் என்றே வரும். 'எய்ட்ஸ் டெஸ்ட் இலவசமா எடுத்துப் பார்த்துக்கலாம்' என்று ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களைக் கோபிக்காமல் அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். அங்கே டெஸ்ட் இலவசம், ரகசியம், யாருக்கும் ஆபத்து இல்லை. கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு மனம் உறுத்தினாலும் வங்கிக்குப் போன் செய்து 'என் பையைப் பயன்படுத்த வேண்டாம்' என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் படி: பையை விடுவிப்பது

முடிவு வரும்வரை பைகள் தனிக் குளிர்பெட்டியில், 'பரிசோதிக்கப்படாதவை' என்ற பலகையோடு. முடிந்தவை வேறு பெட்டியில். இரண்டையும் ஒரே பெட்டியின் மேல்தட்டு, கீழ்தட்டு என்று பிரிப்பது பிரிப்பே அல்ல. ஒரு கொடையாளரின் ரத்தத்தை சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்திருப்போம். ஓர் எண் ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று டெஸ்ட் காட்டுகிறது, என்றால் அந்த மூன்றையும் தேடி எடுத்தாக வேண்டும்; ஒன்று தப்பினாலும் போச்சு. ஒதுக்கிய பைகளை ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கி, பிறகுதான் மஞ்சள் கவரில் போட்டுக் கழிவு வண்டிக்கு அனுப்ப வேண்டும். விடுவிக்கும் கையெழுத்தைப் போடும் முன் ரிசல்ட் தாளையும் பை எண்ணையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது எங்கள் பழக்கம்.

ஏழாம் படி: கொடையாளரிடம் சொல்வது

ஒரே ஒரு டெஸ்ட்டில் ரியாக்டிவ் வந்தாலே பையை ஒழித்துவிடுவோம். பைக்கு அவ்வளவு சந்தேகம் போதும். மனிதருக்குப் போதாது. 'உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது' என்று சொல்ல வெவ்வேறு கிட்களில் மூன்று முறை உறுதியாக வேண்டும்; அது நம்பிக்கை மையத்தின் வேலை. அதனால் போனில் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். வேறு யாராவது எடுத்தால் எதையும் சொல்லாதீர்கள். "நீங்க கொடுத்த ரத்தத்துல ஒரு டெஸ்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கு, நேர்ல வர முடியுமா?" அவ்வளவுதான். வந்ததும் கவுன்சலரிடம். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி ரகசியம் காப்பது கடமை. தகவல் கேட்டுப் பேச 1097 என்ற இலவச எண் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி என்றால் பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரையில் குணமாகிவிடும்; தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் அது இலவசம். இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள், பாதி பயம் போய்விடும்.

போனை எடுக்காதவர், எண் மாறிப்போனவர் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. கொடுத்த இளைஞர் 2016-லும் ஒரு முகாமில் கொடுத்திருக்கிறார், அப்போதே தொற்று தெரிந்திருக்கிறது, ஆனால் அவருக்குச் சொல்லப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தனக்கே தெரிந்ததும், ஓடிவந்து 'என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்' என்று சொன்னவர் அவர்தான். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாத இறுதியில் அவரும் உயிரோடு இல்லை.

எட்டாம் படி: பின்னோக்கித் தேடுவது

முன்பு நெகட்டிவாக இருந்த ஒருவர் இன்று ரியாக்டிவ் என்றால், அவருடைய முந்தைய கொடைகளைத் திறந்து பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது கொடுத்தார், அந்தப் பைகள் எங்கே போயின, பிளாஸ்மா இன்னும் உறைபெட்டியில் இருக்கிறதா? இருந்தால் உடனே ஒதுக்குங்கள். ஏற்றப்பட்டிருந்தால் அந்த நோயாளியின் மருத்துவரிடம் எழுத்தில் தெரிவித்து, நோயாளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ரத்தம் ஏற்றியதால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்க 2012 டிசம்பரில் தொடங்கிய தேசிய ஹீமோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு இத்தகைய பாதிப்புகளைத் தெரிவிக்கலாம்; அங்கே யாரையும் தண்டிப்பதில்லை.

இது நடக்க வேண்டுமானால் பழைய பதிவேடு படிக்கும்படி இருக்க வேண்டும். எங்களிடம் கம்ப்யூட்டருக்கு முந்திய கனமான பதிவேடுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. ஒருமுறை அப்படி ஒரு பழைய கொடையைத் தேடியபோது, பை எண்ணின் கடைசி இலக்கத்தின் மேல் யாரோ டீ கிளாஸை வைத்த வட்டக்கறை. மூன்றா எட்டா என்று தெரியவில்லை. இரண்டு எண்களையும் எடுத்து, இரண்டு நோயாளிகளையும் கூப்பிட்டோம்.